ஸ்டார் கட்டாத கிறிஸ்துமஸ்

மகனே, திங்கட்கிழமை காலையில் நம் கோயிலில் உனக்குத் துக்க மணி அடித்தார்கள். அடிக்கச் சொன்னவள் நான். இதை நீ வேறு யார் வாயாலும் கேட்டுவிடக் கூடாது என்றுதான், பண்டிகையும் அதுவுமாக, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு உன் அப்பா கண்ணயர்ந்த நேரமாகப் பார்த்து எழுத உட்கார்ந்திருக்கிறேன். இதை எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று எனக்குத் தெரியாது. பட்டாளத்து விலாசத்துக்கு முன்பு எழுதியதெல்லாம் முத்திரை மேல் முத்திரை வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டது. எழுதி முடித்து உன் டிரங்குப் பெட்டியில், உன் சட்டைகளுக்கு அடியில் வைத்துவிடுவேன். நீ வந்தால் சாப்பிடக்கூட உட்காராமல் முதலில் அந்தப் பெட்டியைத்தான் திறப்பாய். உன்னைப் பெற்றவளுக்கு அது தெரியாதா?

ஊர்ச் செய்தியைச் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன். அரிசிக்குப் பெரிய தட்டுப்பாடு, அதனால் இந்த வருஷம் சபையில் அசனம் கிடையாது. ஊரே ஒரு பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டுவிட்டுக் கிறிஸ்துமஸா என்று கிழவர்கள் முணுமுணுத்தார்கள், பிறகு அடங்கிவிட்டார்கள். ஆர்மோனியத்தை எலி கடித்து இரண்டு கட்டை ஊமையாகிவிட்டது. நீ போன பிறகு பாடகர் குழுவில் கனத்த குரலில் பாட ஆள் அமையவில்லை, இருக்கிற பையன்கள் எல்லாரும் ஆட்டுக்குட்டிக் குரலில் கத்துகிறார்கள். புதுக் குருவானவர் வந்திருக்கிறார், பாளையங்கோட்டைப் பக்கம். நல்ல மனுஷன், பிரசங்கம்தான் நீளம். உன் அப்பா குற்றாலத்துக்கு வனத்துறை ஆபீசு வேலைக்குப் போய்வந்துகொண்டுதான் இருக்கிறார், அடுத்த வருஷம் ஓய்வு. மழை விட்டபாடில்லை. பெரிய அருவியில் தண்ணீர் செம்மண்ணாய் விழுகிறது, பக்கத்தில் ஒருவரையும் விடுவதில்லையாம். இந்த வருஷம் பாகிஸ்தான் சண்டை வேறு வந்துபோனது. தந்திக்காரன் சைக்கிளை நம் தெருப் பக்கம் பார்த்தால் பெண்கள் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். நான் மட்டும் சாத்தவில்லை. எனக்கு வரவேண்டிய தந்தி முந்தின சண்டையிலேயே வந்துவிட்டதே.

அந்தத் தந்தியில் 'காணவில்லை' என்றுதான் இருந்தது. சீனாக்காரன் சண்டை நின்று சில நாளில், கிறிஸ்துமஸ் மாதம் பிறக்கும் சமயம் அது வந்தது. நான் மூன்றாம் வகுப்புக்குக் கணக்கு போட்டுக்கொண்டிருந்தேன். உன் அப்பா பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். நான் அதை வாங்கி வாசித்துவிட்டு, 'காணலேன்னுதான போட்டிருக்கு, தேடுவாங்க' என்று சொல்லி அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு மீதிக் கணக்கையும் போட்டேன். பிள்ளைகள் ஒன்றும் தெரியாமல் எழுதிக்கொண்டார்கள். நான் கல்நெஞ்சக்காரி என்று சபைப் பெண்கள் பேசிக்கொண்டார்களாம். பேசட்டும். ஒரு துளி கண்ணீர் விட்டால் நீ செத்துப்போனதை நானே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பயந்தேன், அதுதான் விஷயம்.

நம் சபை வழக்கம் உனக்குத் தெரிந்ததுதான். அந்த வருஷம் சாவு விழுந்த வீட்டில் பண்டிகை கிடையாது. ஸ்டார் கட்டமாட்டார்கள், எண்ணெய்ச்சட்டி வைக்கமாட்டார்கள், பலகாரம் சொந்தக்காரர்கள் வீட்டிலிருந்து வரும். கேரல் பாடி வருகிறவர்கள் அந்த வாசலில் தபேலாவை மூடிவிட்டு, செருப்பைக் கழற்றி, சத்தமில்லாமல் உள்ளே வந்து வேதப்புத்தகத்திலிருந்து ஒரு சங்கீதம் வாசித்து ஜெபம்பண்ணிவிட்டு, காப்பித்தண்ணிகூடக் குடிக்காமல் போவார்கள். தந்தி வந்த வருஷம் நான், நீ எட்டாம் வகுப்பில் மூங்கில் சீவிக் கட்டிய ஸ்டாரை எடுத்தேன். ஒரு கை மட்டும் கொஞ்சம் கோணலாக இருக்குமே, அதுதான். உன் அப்பா சிவப்புக் காகிதம் வாங்கிவந்து ஒட்டினார். மூங்கில் கழி நட்டு வாசலில் ஏற்றினோம், உள்ளே விளக்கு வைத்தோம், முறுக்குச் சுட்டேன். விளக்கு வைத்த நேரத்துக்குக் கேரல் கோஷ்டி வந்தது. பெட்ரோமாக்ஸ் விளக்குக்காரனும் தபேலாக்காரனும் வாசலில் தயங்கி நின்றதை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய குருவானவர் ஏதோ காதில் சொன்னார். தபேலாவைத் துணியால் மூடினார்கள், உள்ளே வந்தார்கள், அவர் வேதப்புத்தகத்தைத் திறந்தார்.

"ஏன் தபேலாவ மூடுதிய?" என்று கேட்டேன். "வாசல்ல ஸ்டார் எரியுதுல்லா? இது துக்க வீடு இல்ல. வருசா வருசம் பாடுததப் பாடுங்க."

பாடினார்கள். ஒருவன் ஒரு சுருதி, இன்னொருவன் இன்னொரு சுருதி. பாதியில் ஒரு பெண்பிள்ளை அழுதுவிட்டாள். நான் எல்லாருக்கும் முறுக்கும் காப்பியும் கொடுத்தேன், சாப்பிடும் வரை விடவில்லை. அதற்குப் பிறகு அடுத்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும் ஸ்டார் ஏறியது, அவர்களும் மறுபேச்சில்லாமல் பாடிவிட்டுப் போனார்கள். நம் வீடு ஊருக்குள் ஒரு தனிக் கணக்காகிவிட்டது. துக்கம் விசாரிக்கவும் முடியாது, சந்தோஷமாகப் பேசவும் முடியாது என்று பாதிப் பேர் வருவதையே நிறுத்திவிட்டார்கள்.

அது என்னோடு நின்றிருந்தால் நான் சாகும்வரை ஏற்றிக்கொண்டிருப்பேன். ஆனால் சுகிர்தம் ஒருத்தி இருந்தாளே. உனக்குப் பேசி முடித்தவள், நீ பட்டாளத்துக்குப் போன பிறகு நம் ஊருக்குக் குடிவந்த கடைக்கார ஞானமுத்து அண்ணாச்சி மகள். சீனாக்காரன் சண்டைக்கு முந்தின அந்த ஜூலையில் சாரல் அடித்துக்கொண்டிருந்தபோது நீ லீவில் வந்தாய், கோயிலில் வைத்து நிச்சயம் செய்தோம், மறுநாள் இரண்டு வீட்டாருமாக ஐந்தருவிக்குப் போனோம். பாசிப் பாறையில் அவளுக்குக் கால் வழுக்கி, ஒற்றைச் செருப்பு ஓடைத் தண்ணீரோடு போய்விட்டது. நீ சட்டையோடு பின்னாலேயே ஓடினாய். அரைமணி நேரம் கழித்துச் செருப்பு இல்லாமல் சொட்டச் சொட்ட வந்து, உன் பட்டாளத்துக் கேன்வாஸ் சப்பாத்தைக் கழற்றி அவள் முன்னால் வைத்துவிட்டு வெறுங்காலோடு நடந்தாய். அவள் அதைப் போட்டுக்கொண்டு தடக் தடக்கென்று பஸ்ஸுக்கு நடந்துவந்ததைப் பார்த்து எல்லாரும் சிரித்தோம். ஞானமுத்து அண்ணாச்சி சிரித்த சிரிப்பில் அவர் கண்ணாடி கழன்று விழுந்தது. அடுத்த வாரம் தென்காசி ஸ்டேஷனில் கிறிஸ்துமஸுக்கு வந்துவிடுவேன் என்று அவளிடமும் எங்களிடமும் பொதுவாகச் சொல்லிவிட்டு ரயில் ஏறினாய். அவள் உன்னைப் பார்த்தது மொத்தம் அவ்வளவுதான். நிச்சயம், அருவி, ஸ்டேஷன்.

பேசி முடித்த பெண்ணுக்குப் பண்டிகைச் சேலை மாப்பிள்ளை வீட்டிலிருந்து போகவேண்டும், அவள் அதைக் கட்டிக்கொண்டு கிறிஸ்துமஸ் விடியற்காலை ஆராதனைக்கு வரவேண்டும். நான் ஒரு வருஷம்கூடத் தவறவில்லை. முதல் வருஷம் மாம்பழ மஞ்சள், பிறகு நீலம், பிறகு அரக்கு. அவளும் கட்டிக்கொண்டு வந்தாள். அவள் கோயிலுக்குள் நுழைந்ததும் ஒவ்வொரு தலையாகத் திரும்பும். நான் அதை உனக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருப்பேன். அந்தத் தலைகள் எதற்குத் திரும்பின என்று இப்போது நினைத்தால் எனக்கே என்மேல் வெறுப்பாக இருக்கிறது.

சீனாக்காரன் கைதிகளை விட்டபோது உன் அப்பா தினமும் வாசகசாலைக்குப் போய்ப் பேப்பர் பார்த்தார். வாசுதேவநல்லூர்ப் பக்கம் ஒரு பையன் திரும்பி வந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டுப் பஸ் பிடித்துப் போனார். அவன் கையில் இரண்டு விரல் இல்லையாம், பனியில் கருகிப்போனதாம். உன்னை அவனுக்குத் தெரியவில்லை. அந்த மலையில் பக்கத்தில் நின்றவன் யார் என்றே யாருக்கும் தெரியாது ஐயா என்று மட்டும் சொன்னானாம். அன்றைக்குத் திரும்பி வந்த உன் அப்பா வேறு ஆளாகத்தான் வந்தார். குற்றால மலையில் வழுக்கி விழுந்தவனைத் தண்ணீர் எப்படியும் கீழே கொண்டுவந்து போட்டுவிடும், பனி அப்படித் தராது போலிருக்கு என்று ஒருதரம் சொன்னார். நான் அவரிடம், அந்தப் பையன் தெரியாது என்றுதானே சொன்னான், செத்துப்போனான் என்றா சொன்னான் என்று சண்டைக்குப் போனேன். பிறகு சர்க்காரிலிருந்து 'இறந்ததாகக் கொள்ளலாம்' என்று ஒரு காகிதம் வந்தது. வேண்டுமானால் அவர்கள் கொள்ளட்டும் என்று மடித்து வைத்துவிட்டேன். உன் அப்பா அதற்குப் பிறகு என்னோடு வாதாடவே இல்லை. ஒவ்வொரு டிசம்பரிலும் காகிதம் வாங்கிவந்து ஸ்டாருக்கு ஒட்டினார். தான் நம்பாத ஒன்றுக்கு எனக்காகப் பசை தடவிக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும், தெரிந்தும் செய்யவிட்டேன்.

போன வருஷம் பண்டிகை கழிந்து ஞானமுத்து அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். நாற்காலி விளிம்பில் உட்கார்ந்து காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

"மைனி, சுரண்டைல ஒரு வாத்தியாரு. நல்ல குடும்பம். அவங்க சபைலருந்து நம்ம குருவானவர்ட்ட விசாரிப்பாங்க. நம்ம கோயில்ல வச்சு நிச்சயம் பண்ணுனதுல்லா, நீங்க ஒரு வார்த்தை சொன்னாத்தான் மேக்கொண்டு பேச முடியும். கீழ ரெண்டு பொட்டப்பிள்ளைய வேற இருக்கு."

"எம் பிள்ளை செத்துட்டான்னு யாரு சொன்னா ஒங்களுக்கு?"

"நான் அப்படிச் சொல்லல மைனி."

"பின்ன எதுக்கு வந்திய? நாங்க என்ன ஒங்க மகளக் கட்டியா போட்டிருக்கோம்?"

அந்த மனுஷன் காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். கட்டித்தான் போட்டிருந்தேன். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சுரண்டை வாத்தியாருக்கு வேறு இடத்தில் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஞானமுத்து அண்ணாச்சி கோயிலில் என்னைக் கண்டால் கும்பிட்டுவிட்டு ஒதுங்கிப்போவார். கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

பத்து நாளைக்கு முன்பு சபைப் பெண்கள் எல்லாரும் கூடி முந்திரிக்கொத்து செய்தோம். அசனம் இல்லாததால் வீட்டுக்கு ஒரு பொட்டலமாவது கொடுக்கலாம் என்று குருவானவர் வீட்டம்மா யோசனை. கலியாணமானவர்கள் அடுப்புப் பக்கம், குமரிகள் உருண்டை பிடிக்கிற பக்கம் என்று எப்போதும்போல உட்கார்ந்தோம். சுகிர்தம் தாமதமாக வந்தாள். குமரிகள் பக்கம் இருந்ததெல்லாம் பாவாடை தாவணிப் பிள்ளைகள், ஓய்வுநாள் பள்ளியில் அவளிடம் பாடம் படித்தவர்கள். அடுப்புப் பக்கம் அவளோடு படித்தவர்கள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இருந்தார்கள். தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு எந்தப் பக்கம் போவது என்று கொஞ்ச நேரம் நின்றாள். யாராவது ஒருத்தி, இங்கன வாட்டி என்று கூப்பிட்டிருக்கலாம். நான்கூடக் கூப்பிடவில்லை. அவள் கதவோரத்தில் தனியாக உட்கார்ந்து தேங்காய் துருவ ஆரம்பித்தாள். முன்நெற்றியில் அவளுக்கு ஒரு நரை இருக்கிறது, அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இரண்டு நாள் கழித்து, இந்த வருஷச் சேலையை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். இளம்பச்சை. அவள் மட்டும்தான் இருந்தாள், தோசைக்கு ஆட்டிக்கொண்டிருந்தாள். கையைக் கழுவிவிட்டு வந்து எனக்கு மணை எடுத்துப் போட்டாள். பொட்டலத்தை நீட்டினேன். வாங்காமல் என் முகத்தையே பார்த்தாள்.

"அத்த, ஒண்ணு சொன்னா கோவப்படக் கூடாது."

"சொல்லுட்டி."

"எனக்கு அவிய மொகம் மறந்துபோச்சு."

"போட்டோ தந்திருக்கேம்லா?" என்றேன்.

"தெனமும் பாக்கேன் அத்த. போட்டோதான் தெரியுது. அது திரும்பவா செய்யுது, சிரிக்கவா செய்யுது? அந்தச் சப்பாத்து ஞாபகம் இருக்கு. உள்ள மணல் நறநறன்னு இருந்தது, ஈரமா இருந்தது, எல்லாம் ஞாபகம் இருக்கு. மொகந்தான் வரமாட்டேங்கு. வருசா வருசம் நீங்க சேலையக் கொண்டுட்டு வரும்போது ஒங்க மொகத்துல தேடிப் பாப்பேன். ஒங்க மூக்குதான் அவியளுக்குன்னு அம்மா சொல்லுவா. மூக்கு கெடச்சுருது. மத்தது ஒண்ணும் கெடைக்கல." அவள் அழவில்லை. எங்கள் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இல்லை என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள். "எல்லாரும் நான் காத்துக்கிட்டு இருக்கேன்னு சொல்லுதாங்க. யாருக்குன்னு எனக்கே பிடிபடல அத்த."

மகனே, எனக்கு உன்னிடத்தில் இருபத்துநான்கு வருஷம் இருக்கிறது. நீ அம்மை போட்டுக் கிடந்தது, ஆய்க்குடிக் குளத்தில் நீந்தப் போய் அடி வாங்கியது, உன் முதுகில் இருக்கிற மச்சம், தூங்கும்போது நீ பல்லைக் கடிக்கிற சத்தம் எல்லாம் என்னிடம் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு நான் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் உட்கார்ந்திருப்பேன். அந்தப் பிள்ளைக்கு ஈரச் சப்பாத்தைத் தவிர என்ன இருந்தது? என் நம்பிக்கைக்கு அவளைக் காவல் வைத்திருந்தேன். அவள் சேலை கட்டி வந்தால் நீ உயிரோடு இருப்பதாக எனக்கு ஒரு தைரியம். சேலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பி வந்தேன். வரும் வழியில் யாரோ தோத்திரம் சொன்னார்கள், பதில் சொன்னேனா என்று ஞாபகமில்லை.

மறுநாள் குருவானவரிடம் போனேன். உன் அப்பாவும் கூட வந்தார், எதற்கு என்று சொல்லாமலே கூட்டிக்கொண்டு போனேன். நிச்சயத்தை விட்டுக்கொடுக்க வேண்டும் என்றேன். குருவானவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

"ரெண்டு வரி எழுதிக் கொடுத்தாப் போதும்மா. மகன் இறந்துட்டார்னு நீங்க சொல்லணும்னு அவசியமே இல்ல. அத யாரும் ஒங்ககிட்டக் கேக்க மாட்டாங்க."

"அது போதாதுய்யா," என்றேன். "உசுரோட இருக்கிறவனுக்குப் பேசி விட்டுட்டாங்கன்னா, அந்தப் பிள்ளைட்ட என்ன கொறைன்னுதான் ஊரு கேக்கும். சுரண்டைல கேப்பாங்க, நாசரேத்துல கேப்பாங்க. போற எடமெல்லாம் அது கூடவே போகும். செத்தவனுக்குப் பேசியிருந்த பிள்ளைன்னா ஒருத்தரும் வாயத் தொறக்க முடியாது. கோயில் மணிய அடிச்சிருங்க. ஞாயித்துக்கிழமை ஆராதனைல பேரச் சொல்லி ஜெபம்பண்ணிருங்க."

உன் அப்பா என் பக்கம் திரும்பினார். "ஏட்டி, நெசமாத்தான் சொல்லுதியா?"

"நெசமாத்தான். நம்ம பிள்ளை இல்லங்க. எனக்கு எப்பவோ தெரியும்."

பொய்தான். ஆனால் அரைகுறையாகச் சொன்னால் யாருக்கும் பிரயோஜனமில்லை. நான் ஒரு கண்ணில் நம்பிக்கை வைத்துக்கொண்டு மணி அடித்தேன் என்று தெரிந்தால், அந்தப் பிள்ளையை எவன் தைரியமாகக் கட்டுவான்? உன் அப்பா அங்கேயே, குருவானவர் முன்னாலேயே, மேஜையில் தலையைச் சாய்த்து அழுதார். இத்தனை வருஷமாக அவர் அழுவதற்கு நான் இடம் கொடுக்கவில்லை. தோளில் கை வைத்துக்கொண்டு நின்றேன். எனக்கு அழுகை வரவில்லை, வந்திருந்தால் இன்னும் நம்பும்படியாக இருந்திருக்கும்.

மணி அடித்த மறுநாளிலிருந்து நம் வீட்டுக்கு ஊர் திரும்பி வந்துவிட்டது. துக்கம் விசாரிக்க அத்தனை பேரும் காத்திருந்திருக்கிறார்கள். ஞானமுத்து அண்ணாச்சி வந்து உன் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுகிர்தம் வரவில்லை. வரக் கூடாது, வெள்ளை கட்டக் கூடாது, ஒரு சொட்டு ஊர் பார்க்க அழக் கூடாது என்று நானே ஆள் விட்டுச் சொல்லியிருந்தேன். கட்டு அவிழ்க்கிறேன் என்று இன்னொரு கட்டைப் போட்டுவிடக் கூடாது பார். புதன்கிழமை பொழுது சாய்ந்து கேரல் கோஷ்டி வந்தது. வாசலில் கழி இல்லை. மூங்கில் நட்டிருந்த குழியில் மழைத்தண்ணீர் நின்றது, பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் அதில் விழுந்தது. தபேலாவை மூடினார்கள், செருப்பைக் கழற்றினார்கள். குருவானவர் சங்கீதம் வாசித்தார். துக்க வீட்டுக்கென்று வழக்கமாய் வாசிக்கிறது, முதல் வருஷம் நான் வாசிக்கவிடாத அதே சங்கீதம். ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். காப்பி குடிக்காமல் போனார்கள். அடுத்த வீட்டு வாசலுக்குப் போனதும் தபேலாச் சத்தம் கேட்டது.

இன்று விடியற்காலை ஆராதனைக்குப் போனோம், துக்க வீட்டார் உட்கார்கிற கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தோம். சுகிர்தம் பழைய கத்திரிப்பூக் கலர் நூல்சேலையில் வந்தாள். அவளுடைய சொந்தச் சேலை. ஒரு தலையும் திரும்பவில்லை. பாடகர் குழுவில் போய் நின்றாள், ஊமைக் கட்டை ஆர்மோனியத்தையும் ஆட்டுக்குட்டிகளையும் மீறி அவள் குரல் கேட்டது. அவளுக்கு அப்படி ஒரு குரல் உண்டென்று நான் இதுவரை கவனித்ததில்லை. தை பிறந்ததும் இடையன்குடிப் பக்கமிருந்து ஒரு இடம் பேச வருகிறதாம். நடக்கும் என்று நினைக்கிறேன். நம் வீட்டு அலமாரி நிறையப் பிறத்தியார் வீட்டு முறுக்கும் முந்திரிக்கொத்தும் இருக்கிறது, எடுத்துத் தின்னத்தான் ஆளில்லை.

நீ வந்தால் செய்யவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், நான் அப்போது இருப்பேனோ என்னவோ. வாசலில் ஸ்டார் இல்லையே என்று தயங்காதே, வீடு இதுதான். உன் அப்பா உன்னைப் பார்த்துப் பயந்தால் கோபித்துக்கொள்ளாதே. சுகிர்தத்தின் வீட்டுப் பக்கம் போகாதே. அவள் புருஷன் பிள்ளைகளோடு எதிரே வந்தால் பாதையை விட்டு இறங்கி நில். எனக்காக ஏன் காத்திருக்கவில்லை என்று மனதுக்குள்கூடக் கேட்காதே. அவள் தன் பங்குக்கு மேலேயே காத்திருந்துவிட்டாள். என்மேல் மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்படு. உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு மணி அடித்த தாய் என்று சொல்லு, கேட்டுக்கொள்கிறேன். நீ வந்து சொல்லவேண்டும், அவ்வளவுதான்.

மணியைப் பற்றிச் சொல்லாமல் தள்ளிக்கொண்டே வந்துவிட்டேன். திங்கட்கிழமை காலை கோயில்பிள்ளை, அதான் நம் மணி அடிக்கிறவர், கயிற்றைப் பிடிப்பதற்கு முன்னால் என்னிடம் வந்தார். செத்தவர் வயசுக்கு ஒரு அடி என்பதுதானே வழக்கம். உன் அப்பா கொஞ்சம் தள்ளி, வேப்பமரத்தடியில் நின்றார்.

"டீச்சரம்மா, தம்பிக்கு என்ன வயசு?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இருபத்தேழு," என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். நான் மரத்தடிக்கு வந்து நின்றேன். மணி விழ ஆரம்பித்தது. தெருவில் போனவர்கள் நின்றார்கள். உன் அப்பா கண்ணை மூடிக்கொண்டு உதட்டால் எண்ணிக்கொண்டு வந்தார். நீ காணாமல் போனபோது உனக்கு இருபத்துநான்கு. இருபத்துநான்காவது அடி விழுந்ததும் அவர் தலையைத் தாழ்த்தி சிலுவை போட்டுக்கொள்கிறவர்போல நெஞ்சில் கையை வைத்தார், முடிந்துவிட்டது என்று. இன்னொன்று விழுந்தது. கண்ணைத் திறந்து கோபுரத்தைப் பார்த்தார், கோயில்பிள்ளை எண்ணிக்கையைத் தவறவிட்டுவிட்டாரென்று. இன்னொன்று. அப்போது என்னைப் பார்த்தார். நான் பார்வையை நகர்த்தவில்லை. கடைசி அடியும் விழுந்து ஓசை அடங்கும்வரை அப்படியே என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஊரில் எல்லாரும் கோயில்பிள்ளைக்கு எண்ணத் தெரியவில்லை என்றுதான் இன்றுவரை பேசிக்கொள்கிறார்கள்.

வீட்டுக்கு நடந்து வந்தோம். உன் அப்பா எனக்கு முன்னால் நடந்தார். நடையில் செருப்பைக் கழற்றும்போது, என்னைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னார்:

"வார மார்ச்சுல இருபத்தெட்டுல்லா."

"ஆமா," என்றேன்.